கொதிநீரில் ஒரு மவுத் ஆர்கன்

முதல் எச்சில் கிளிஃபோர்டின் இடது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே கால். கிரேவ்செண்டில் ஆற்றை ஒட்டிய மதுக்கடையில் இரண்டாவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் முன்னால் நிற்பவர்கள் இழுவைப் படகுக்காரர்கள். பாட்டுப் பிடித்தால் காலால் தரையைத் தட்டுவார்கள். அன்று நின்றவர்கள் லண்டனிலிருந்து ரயிலேறி வந்த பங்க் இசைப் பிள்ளைகள், கிழித்துவிட்ட சட்டையும் காதில் ஊக்குமாக. பிடித்துப்போனால் அவர்கள் துப்புவார்கள். பிடிக்காவிட்டால் சும்மா நிற்பார்கள். அந்த எழுபத்தேழாம் வருஷம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் குழுவின் பெயர் டார் பேரல்ஸ். பதினெட்டு மாதம்தான் அதற்கு ஆயுள். நான் டிரம்ஸ், மற்ற நாட்களில் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவன். கிட்டார் வாசித்த நெவிலுக்குப் பத்தொன்பது வயது. பேஸ் கிட்டார் வாசித்த ரெஜி வாயே திறக்கமாட்டான். கிளிஃபோர்ட், எதிர்க்கரையில் இருக்கும் டில்பரியின் படகுத்துறையில் கயிறு கட்டுபவர், முப்பத்தெட்டு வயது. பாடுவதும் மவுத் ஆர்கன் வாசிப்பதும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேர் எழுப்புகிற சத்தம்தான் மிஞ்சும். பழைய ப்ளூஸ் பாட்டுகளை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தோம். அந்த வசந்தத்தில் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "வேகத்தை ரெண்டு மடங்காக்குங்க, முடிய வெட்டுங்க, ஒரு தட்டு போட்டுடலாம்" என்றார். கிளிஃபோர்டின் மனைவி ஈனிட் தன் சமையலறையில் எங்கள் நாலு பேருக்கும் முடி வெட்டினாள். கிளிஃபோர்ட் மீசையையும் எடுத்துவிட்டு, நேற்றுச் சிறையிலிருந்து வந்தவர் போல இருந்தார்.

டிரம்ஸ்காரன் பின்னால் உட்காருகிறவன். என்வரை எச்சில் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளிஃபோர்டின் முதுகுதான். பாட வாயைத் திறந்தாக வேண்டும். பாடி முடித்ததும் நனைந்த அந்த மவுத் ஆர்கனையே உதட்டில் வைத்தாக வேண்டும். ஒருமுறை அவர் தோள் குலுங்கியது. குமட்டலை விழுங்குகிறார் என்று புரிந்தது. நான் அடிப்பதை நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். அது என் கையில்தான் இருந்தது. ஆனால் கடைக்கோடியில் கம்பெனி ஆள் சிரித்தபடி நின்றிருந்தார். என் கைகள் அடித்துக்கொண்டே இருந்தன. பாட்டு முடிந்ததும் என் துண்டை நீட்டினேன். அவர் முதலில் மவுத் ஆர்கனைத் துடைத்தார், பிறகு முகத்தை.

இடைவேளையில் ஈனிட் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"லெஸ், கண்ணு, நீ ஒரு வார்த்த சொல்லேன். துப்பாதீங்கன்னு. அவரு சொல்லமாட்டாரு."

"சொல்லிப் பாரு," என்றான் பின்னால் வந்த நெவில். "அடுத்த ரயிலுக்கே போயிடுவானுங்க. கம்பெனி ஆளும்தான். பெருசு தாங்கும். படகுல பாக்காத எச்சிலா?"

ஈனிட் என்னையே பார்த்தாள். எனக்கு அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கஷ்டமில்லாத ஏதாவது.

"வீட்டுக்குப் போனதும் மவுத் ஆர்கன கொதிக்கிற தண்ணில போட்டு எடுங்க ஈனிட். கொஞ்சம் உப்பும் போடுங்க. கிருமி செத்துடும்."

அவள் முகம் தெளிந்தது. "நல்ல புள்ளப்பா நீ," என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

சின்ன உதவிகளைக் கடவுள் கணக்கில் வைத்துக்கொள்கிறார் என்று நம்புகிறவன் நான். அன்று மாலை ஜெபத்தில் இதையும் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் பிள்ளைகள் வந்தார்கள். ஞாயிறுதோறும் ஈனிட் கொதிக்கவைத்தாள். நாலாவது வாரம் கிளிஃபோர்டின் கீழுதட்டில் ரத்தக் கோடு இருந்தது. மவுத் ஆர்கனை வாங்கிப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மரச்சட்டம் ஊதிப் பெருத்து, பல் பல்லாகத் துருத்திக்கொண்டு நின்றது. வெந்நீரில் மரம் ஊதும் என்று ரொட்டிக்கடைக்காரனுக்குத் தெரியாதா? கடையில் மரத்துடுப்பை ஈரத்துணியால் துடைப்போமே தவிர, தண்ணீரில் போடமாட்டோம்.

"வேற ஒண்ணு வாங்கிடலாம் கிளிஃப்."

"ரெக்கார்டிங் முடியட்டும்டா. இது எனக்குப் பழகினது," என்று அவர் சிரித்தார். சிரித்ததில் உதடு மறுபடி பிளந்தது.

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு பெருசு, போட்டோ பிடிப்பாங்க," என்றான் நெவில்.

கொதிக்கவைப்பதை நிறுத்தும்படி ஈனிடிடம் சொல்ல இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போனேன். இரண்டு முறையும் டீயும் கேக்கும் தந்தாள். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூனில் இரண்டு பாட்டுகள் பதிவு செய்தோம். ஜூலை கடைசியில் கிளிஃபோர்டின் கண் மஞ்சளாயிற்று. மருத்துவமனையில் தனி அறையில் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். டாக்டர் எங்களிடம் கேட்டார், "வாயில புண்ணு, வெட்டு ஏதாவது இருந்துச்சா?"

"உதட்டுல வெடிப்பு," என்றாள் ஈனிட். "ஆத்துக் காத்துக்கு வர்றதுதான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நோய் எந்த வழியில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கல்லீரல் மோசமாகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். அவர் போனதும் ஈனிட் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள நீ அன்னிக்குச் சொன்ன லெஸ். ஒரு வாரம்கூட விடாம கொதிக்கவெச்சேன். இல்லன்னா இன்னும் என்ன ஆகியிருக்குமோ."

உதட்டைக் கிழித்தது கொதிநீரில் ஊதிய மரம்தான் என்று சொல்வது நேர்மை. ஆனால் சொன்னால் அந்தப் பாத்திரத்தை அவள் ஆயுசு முழுக்க அடுப்பில் பார்ப்பாள். சொல்லாததற்கு அதுதான் காரணமா, இல்லை அவள் கை என் கையை விட்டுவிடுமோ என்ற பயமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "ஆமா ஈனிட்" என்றேன்.

ஆகஸ்டில் தட்டு வந்தது. அதற்குள் நெவில் வேறு குழுவில் சேர்ந்திருந்தான். ரெஜி தன் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டான். நான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே கொண்டுபோக விடவில்லை. உறையிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். கிளிஃபோர்ட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, நடுவிலிருந்த எழுத்துகளை வாசித்தார். பிறகு ஒரு விரலைச் சுற்றிக் காட்டினார். மறுபக்கத்தைக் கேட்கிறார் என்று திருப்பிக் காட்டினேன். இல்லை என்று தலையசைத்து, மறுபடி விரலைச் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியோடு அழுத்தி மெல்லச் சுழற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமில்லாத இரண்டு கைகளையும் உதட்டருகே குவித்தார். செவிலி திரையை இழுக்க எழுந்து வந்தாள். நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.