கிண்ணம் நிறைய

...ஐந்தரை பஸ் இந்நேரம் போயிருக்கும், இல்லை, இங்கே ஏது பஸ், அல்மாட்டி நகரத்தைவிட்டு இந்தக் கிராமத்துக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது, ஆனாலும் நாலே முக்காலுக்குக் கால் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பைத் தேடுகிறது, எழுந்து என்ன கிழிக்கப் போகிறாய் துலேகென், ஆட்டுக்குப் புல் போடு, ஐந்து கோழிக்குத் தண்ணீர் வை, அவ்வளவுதானே இப்போது உன் உத்தியோகம்... என் பெண்டாட்டி ரவ்ஷான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்திருக்கிறாள், ஆடு கிழக்கே, கோழி அதற்குப் பக்கத்தில், வெங்காயம் வாசலை ஒட்டி, ஆப்பிள் ஓடைப் பக்கம், அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்ன இடத்தில் சொன்னபடி குழி வெட்டுகிறேன், உயிரோடு இருந்தபோது அவள் சொல்லி ஒரு ஆணி அடித்திருப்பேனா? நாலு வசந்தம் கேட்டாள், கிராமத்துக்கே போயிரலாங்க, மூச்சு வாங்குது, இந்த அஞ்சு மாடி ஏற முடியல என்று, லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், இன்னும் ஒரே ஒரு வருஷம் என்பேன் நான், நான் வேலையை விட்டால் நகரத்து லிஃப்ட் எல்லாம் பாதியில் தொங்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு... ஒன்றும் தொங்கவில்லை. அவள்தான் மார்ச் மாதத்தில் மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள், ஆப்பிள் கன்றுகள் இருந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்கவே இல்லை. கன்றுகள் பிழைத்துவிட்டன, ஓடைப் பக்கம் துளிர்விட்டிருக்கின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் கபிதென் கிடாவை இழுத்துக் கட்டுகிறான், அது எனக்காகத்தான், புதிதாகக் குடிவந்தவர்களை அழைத்து எருலிக் விருந்து போடாவிட்டால் ஊரில் அவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, வந்த அன்றே கூப்பிட்டான், அண்ணி எங்கண்ணே என்று கேட்டான், என் வாய் பாட்டுக்கு, பின்னாடி வர்றா, சாமான் கட்டிட்டு இருக்கா என்றது... எதற்கு அப்படிச் சொன்னேன்? செத்துப்போனாள் என்ற சொல்லை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மகள்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சரி, அண்ணி வரட்டும், அவங்க இல்லாம என்ன விருந்து என்று கபிதென் காத்திருக்கிறான், கிடா நாளுக்கு நாள் கொழுக்கிறது, என் பொய்யும்தான். இன்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் இந்த ஊரில் நான் பொய்யன், சொல்லிவிட்டாலோ அவள் எங்கேயும் சாமான் கட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு இருவருமே வருகிறார்கள், கபிதெனும் அவன் மனைவி மக்பாலும், அவள் கையில் துணி மூடிய தட்டு, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை வாசம், உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் பேசலாம் என்று வாசலில் ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன்.

"கிடாவால நடக்கவே முடியலண்ணே," என்கிறான் கபிதென். "அண்ணி என்னிக்கு வர்றாங்கன்னு ஒரு நாளைச் சொல்லுங்க. இல்லேன்னா அது வயசாகித்தான் சாகும்."

சொல்லு, இப்போது சொல்லு... கெட்டிலைத்தான் எடுக்கிறேன், பால் முதலா தேயிலைச் சாயம் முதலா, ஊற்றுகிறேன், இருவருக்கும் விளிம்புவரை ஊற்றி வைக்கிறேன். கபிதென் கிண்ணத்தைப் பார்க்கிறான், தொப்பியை எடுத்துக்கொண்டு எழுகிறான்.

"போடான்னு வாயாலயே சொல்லியிருக்கலாமேண்ணே."

ஐயோ, கிண்ணம் நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் நான் எந்தக் காலத்தில் ஊற்றினேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் நீட்டுவதுதான்... விடியுமுன் அரைக் கிண்ணம் ஊற்றுவாள், நின்றபடியே குடித்துவிட்டு நீட்டுவேன், மறுபடி அரைக் கிண்ணம், நிறைய ஊத்தேன், பஸ் போயிரும் என்பேன், நிறைய ஊத்தினா நீங்களும் போயிருவீங்களே என்பாள், முப்பத்தொரு வருஷம், தினம் மூன்று அரைக் கிண்ணம், நாலாவதுக்கு நான் நின்றதே இல்லை. இங்கே வந்த பதினோரு நாளும் எனக்கு நானே நிறைய ஊற்றிக் குடிக்கிறேன், மறுபடி ஊற்ற ஆளில்லாதவன் வேறெப்படி ஊற்றுவான்?

மக்பால் எழவில்லை. தளும்பி நிற்கும் கிண்ணத்தைப் பார்க்கிறாள், திறந்த கதவு வழியாக அலமாரியில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டைப் பார்க்கிறாள். "நீங்க உக்காருங்க," என்று புருஷன் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "அண்ணே, அண்ணி வரமாட்டாங்களா?"

"மாட்டாம்மா," என்கிறேன், அவ்வளவுதான் வருகிறது, பிறகு, "மார்ச்ல செத்துப்போயிட்டா."

சொல்லிவிட்டேன். கபிதென் உள்ளங்கைகளை விரித்து அவளுக்காகத் துவா முணுமுணுத்து முகத்தில் தடவிக்கொள்கிறான், நான் மூக்கு ஒழுக அழுகிறேன், அறுபத்துமூன்று வயதில், காலடியில் கோழி மேய... மக்பால் கெட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என் கிண்ணத்தில் பாதி ஊற்றுகிறாள், குடிக்கிறேன், நீட்டுகிறேன், மறுபடி ஊற்றுகிறாள், நாலாவதும் ஆயிற்று, எங்கேயும் போக வேண்டியதில்லை.

"ஞாயித்துக்கிழமை விருந்து," என்கிறாள். "அண்ணி எப்படிக் குடிப்பாங்களோ அப்படியே ஒரு டீ ஊத்தி அவங்க பேரால நான் குடிக்கிறேன். எங்க வீட்டுல அப்படி வழக்கமெல்லாம் கிடையாது, எனக்குத் தோணுது. அவங்களுக்குச் சாயம் தூக்கலா இருக்கணுமாண்ணே, பால் தூக்கலாவா?"

பால்தான் என்று வாயைத் திறக்கிறேன்... பாலா? இல்லை, சாயமா, சிலரைப் போல உப்பு போடுவாளா, நான் கதவைச் சாத்தும்போது கெட்டில் அவள் கையில் இருக்கும், அவள் கிண்ணம் காலியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தோம், நான் என் கிண்ணத்தைத்தான் பார்த்தேன், மற்ற நாளெல்லாம் நான் ஐந்து மாடியும் இறங்கிப் போன பிறகுதானே அவள் தனக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள், தனியாக, எவ்வளவு ஊற்றினாள், பாதியா, இல்லை அவளும் என்னைப் போல நிறையவா... மக்பால் கெட்டிலைக் கையில் பிடித்தபடி பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.