ஈடர் வாத்துகள் மூழ்கும் இடம்

தலை முதலில் போகிறது, பிறகு பாதி விரித்த செட்டை, பிறகு தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும், அந்த ஈடர் வாத்து மேலே வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நோர்வேயின் இந்த வடக்குக் கரையில் மட்டிப் பண்ணை வேலைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம், குளிர்காலத்தில் உறையாத கடலைத் தேடி அவை கூட்டமாய் வரும், பகல் என்று கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம், அதற்குள் மூழ்கி மூழ்கி வயிறு நிரப்ப வேண்டும், மட்டியை ஓட்டோடு விழுங்கும், ஓடு வயிற்றுக்குள்ளேயே நொறுங்கிப் போகும் என்று சொன்னவர் பண்ணை மேலாளர் சிவநேசண்ணை, பாவம் தின்னட்டும் அண்ணை என்றேன், அவர் சிரிக்கவில்லை, மட்டி ஒட்டி வளருற எங்கட கயிறுகளை மொட்டையாக்கிப்போடும் தங்கச்சி, சுத்தி வலை கட்டச் சொல்லிட்டார் முதலாளி.

வலை கட்டிய பிறகு, மூழ்கிய வாத்துகளில் சில வலையில் சிக்கி மேலே வரவில்லை, தம்பியும் வரவில்லை, தயாபரன், எவ்வளவு நல்லாய் நீந்துவான், சண்டைக்குத் தப்பி நாங்கள் இராமேஸ்வரம் போன படகு அலையில் சரிந்தபோது என் கையிலிருந்துதான் நழுவினான், வருவான், நில்லுங்கோ, வருவான் என்று கத்துகிறேன், நேவி வருகுது பிள்ளை, நிக்க ஏலாது என்கிறார் படகோட்டி, படகு போய்க்கொண்டே இருக்கிறது, கரையேறிய பிறகு நான் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை, இங்கேயும் கரையில் நின்றே மட்டி பிரிக்கிறேன், கண் மட்டும் கடலில், அதோ ஒரு பெட்டை வாத்து, கழுத்து வலையில், தலை உள்ளே போகிறது, வருகிறது, போகிறது, அண்ணை படகை எடுங்கோ, ஒரு வாத்துக்கோ, வேலை கிடக்கு தங்கச்சி, அவர் சொல்லி முடிக்குமுன் நான் படகில் இருக்கிறேன், படகு ஆடுகிறது, துடுப்பு மட்டும் ஆடாமல் தண்ணீரைத் தள்ளுகிறது, மட்டி பிரிக்கும் கத்தியால் வலையின் ஒரு கண்ணை அறுக்கிறேன், இன்னொன்றை, வாத்து என் விரலைக் கொத்திவிட்டுத் தண்ணீரை உதைத்து ஓடுகிறது, நான் நிறுத்தவில்லை, வலை முழுவதையும் அறுக்கிறேன், வேலை போகும் தங்கச்சி என்று கரையிலிருந்து கத்துகிறார், போகட்டும் அண்ணை, வேலையில விட்டால் வெளிச்சம் வாற நேரமெல்லாம் நானே படகில வந்து வாத்துகளைத் துரத்துறன், அந்தப் பாறைப் பக்கம் தானாய் விளைஞ்ச மட்டி கிடக்குதுதானே, அங்க போய்த் தின்னட்டும், முதலாளியிட்டயும் நானே சொல்லுறன்.

சொன்னேன், முதலாளி வலைக்காகக் கோபப்பட்டார், பிறகு யோசித்தார், இந்தக் குளிர்காலம் மட்டும் பார்ப்போம் என்றார், கயிறுகளில் மட்டி தங்கியது, அடுத்த குளிர்காலமும் வலை வரவில்லை, விடிகிறது, நீல வெளிச்சத்தில் சிவநேசண்ணை என் மிதவைச் சட்டையின் பட்டியை இழுத்துப் பார்க்கிறார், கவனம் தங்கச்சி, காத்து கூடவாய்க் கிடக்கு, தெரியும் அண்ணை, படகைத் தள்ளிவிடுங்கோ.