பிரேம் வந்து மூடுவான்

ஐஸ் பெட்டிக்காரர் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன் வயரைச் சொருகினார். கூடத்தில் இருந்ததே அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான்.

"அண்ணா, அதப் புடுங்காதீங்க!" என்று ஜோதிலட்சுமி பாய்ந்து வந்தாள்.

"பொட்டி ஓடணுமேம்மா. தம்பி உள்ள கீறாரே" என்றார் அவர்.

பெட்டிக்குள் கிடந்தவன் அவள் தம்பி பிரேம். இருபத்தெட்டு வயது. நாலே நாளில் டெங்கு கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போதுகூட அவன் கவலை லேப்டாப்பைப் பற்றித்தான். "மூடிராதக்கா. நடுவுல நின்னா பதினோரு நாள் வேலை மறுபடி முதல்லேர்ந்து. முடிஞ்சதும் நானே வந்து மூடுறேன்."

மீன்களின் மரபணுக்களைக் கொடுத்தால், எது எதிலிருந்து பிரிந்தது என்று தானாகவே வம்ச மரம் போட்டுத் தரும் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் பாடுபட்டு எழுதியிருந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா செல்வம்மாளுக்கு அது ஒரே வேடிக்கை. "மீனுக்கு இன்னாடா வம்சம்? மொதல்ல நம்ம வம்சத்துக்கு ஒரு பொண்ணப் பாரு" என்பாள்.

"இது ஓடி முடியட்டும்மா. ஒரு தடவ தட்டிவிட்டா போதும், நான் இல்லாட்டியும் அதுவா ஓடும்."

பழைய பேட்டரி, ஒன்பது சதவீதம் காட்டியது. திறந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜோதிலட்சுமி பந்தல் வழியே வெளியே நடந்தாள். ஒப்பாரி சட்டென்று நின்றது.

"தம்பி பொணமா கெடக்கறான், இவளுக்கு கம்ப்யூட்டர் கேக்குது" என்றாள் அத்தை.

ஜோதிலட்சுமி நிற்காமல் நடந்தாள். பக்கத்து வீட்டு ஃபாயிசா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை; தன் ஃபிரிட்ஜ் வயரைப் பிடுங்கி இடம் கொடுத்தாள். அப்போது மூன்று சதவீதம்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். மேளச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஜோதிலட்சுமி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃபாயிசா வீட்டுக்கு வந்தாள். திரை முழுக்க மரம் விரிந்திருந்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் அம்மா கூவி விற்கும் பெயர்கள். ஜோதிலட்சுமி படித்துக் காட்டினாள்: சங்கரா, வஞ்சிரம், வவ்வால், நெத்திலி.

"முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

ஃபாயிசா மெதுவாக, "மூடிடவாக்கா?" என்றாள்.

"வேணாம்மா" என்றாள் செல்வம்மாள், எப்போதும் பேசுகிற குரலில். "புள்ள வந்து மூடுவான்."

கையில் எடுத்த ஃபிரிட்ஜ் வயரை ஃபாயிசா மறுபடி தரையிலேயே வைத்தாள்.