அல்ஃபியாவின் எடை

வெனெரா மெழுகுவர்த்திக் கடைக்கு வந்தபோது கத்தானியா நகரமே வெள்ளை அங்கியில் புனித ஆகத்தம்மாளின் தேருக்குக் காத்திருந்தது. அவளும் அங்கி போட்டிருந்தாள். ஏன் போட்டோம் என்று தெரியவில்லை. எட்டு வயது மகள் அல்ஃபியாவை அடக்கம் செய்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கைகள்தான் செய்துகொண்டிருந்தன.

"அண்ணி, சொன்னா கேளு," என்றாள் கூட வந்த நாத்தனார் தீனா. "பிள்ளை பிழைச்சா அவ எடைக்கு மெழுகு சுமக்கிறேன்னுதானே நேர்ந்துக்கிட்ட? அந்தம்மா கண்ணத் திறக்கலை. நீ மட்டும் எதுக்குச் சுமக்கணும்?"



கடைக்காரர் ஸாரு மெழுகுவர்த்தியை மார்போடு கட்டித் தூக்கிவந்து நிறுத்தினார்.

"என்னய்யா இது, தூணாட்டம்! அல்ஃபியா கடைசியில இதுல பாதிகூட இல்லியே!" என்றாள் தீனா.

"இவங்க சொன்ன எடைதான். பிள்ளையைத் தராசுக்குக் கூட்டிட்டு வாங்கன்னேன், எனக்கே தெரியும்னுட்டாங்க." ஸாரு குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா வெட்டித் தர்றேன்மா. யாரும் கேக்க மாட்டாங்க."

வெனெரா சொன்னது, மகளுக்கு ரத்தப் புற்று வருவதற்கு முந்தைய எடை. சொன்னபோது அது பொய்யாகத் தோன்றவில்லை.

சுவரில் ஆகத்தம்மாளின் படம். ரோமானிய ஆளுநரின் ஆசைக்கு இணங்காததால் அவள் மார்பை அறுத்தார்கள். இரவில் திருத்தூதர் பேதுரு சிறைக்கு வந்து புண்ணை ஆற்றினார். மறுநாள் தணலில் உருட்டினார்கள், செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அல்ஃபியா, "நாளைக்குச் சாகப்போறவளுக்கு எதுக்கும்மா மருந்து?" என்றாள். வெனெரா தலையணையைச் சரிசெய்தாள்.

"வெட்டாதீங்க," என்றாள்.

குனிந்து தோளைக் கொடுத்தாள். ஸாரு ஏற்றிவைத்தார். எடை இறங்கியதும் அவள் இடது கை தானாகப் போய் மெழுகுக்குக் கீழே, பிள்ளையின் முழங்கால்கள் இருக்கவேண்டிய இடத்தில், தாங்கிக்கொண்டது. போன கோடைக்கு முந்தின கோடையில், கடலில் ஆடிவிட்டு வண்டியிலேயே தூங்கிப்போனவளை இப்படித்தான் மாடிக்குத் தூக்கிப்போனாள். இதே பாரம். ஒரு பிடிகூடக் குறையவில்லை.

அழுகை வரும் என்று தீனா முகத்தையே பார்த்தாள். வரவில்லை.

வெளியே, மெழுகு சொட்டி வழுக்காமலிருக்கத் தெருவெங்கும் மரத்தூள் தூவியிருந்தார்கள். "ஆகத்தம்மாள் வாழ்க!" என்று கூட்டம் கத்தியது. எல்லார் தோளிலும் சுடர் எரிந்தது.

ஸாரு பின்னாலேயே ஓடிவந்தார். "ஏம்மா, பத்தவைக்காமப் போறீங்களே!"

"வேணாம்," என்றாள் வெனெரா, தூங்குகிறவளை எழுப்பிவிடாத குரலில். "குறைஞ்சிடும்."