ஹாப்ஸ் வாசனை ஏறாத பீர்

மூன்றாவது பாட்டிலையும் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்த இளவழகனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசனை என்ற பேச்சே இல்லை. கசப்பு மட்டும் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

பெங்களூரில் பீர் காய்ச்சி விற்கும் ஓர் ஓட்டலில் மூட்டை தூக்கி, அண்டா கழுவி, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றவன் அவன். ஓட்டலை மூடிவிட்டார்கள். போதாததற்குக் கடுமையான காய்ச்சல் வேறு வந்து படுத்து எழுந்து, பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்த தன் குப்பத்துக்கே திரும்பினான். கடலில் படகு கொஞ்சம் ஆடினாலே குடல் வெளியே வந்துவிடும் ஆசாமிக்கு மீன்பிடித் தொழில் எங்கே ஒத்துவரும்? அந்த நேரத்தில்தான் ராஜேந்திரன் கூப்பிட்டார். அவனைப் பற்றிப் பழைய ஓட்டலில் கேள்விப்பட்டு, பெங்களூரில் புதிதாக ஒரு பீர்க்கடை தொடங்குகிறவர்.

"உன் கையால ஒரு பீர் காய்ச்சு. ஹாப்ஸ் வாசனை ஆளைத் தூக்கணும். அப்படி வந்தா நீதான் என் மாஸ்டர்" என்று சொல்லி, ஒரு பெரிய பாக்கெட் ஹாப்ஸும் அனுப்பி வைத்தார்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அரைத்துப் பச்சை மாத்திரைகளாக உருட்டி விற்பார்கள். பீரின் கசப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன.

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டத்துக்கு ஆகாது. மனைவி சரண்யாவுக்கு ஆகவே ஆகாது. அதனால் சிநேகிதன் மாரியின் படகு இன்ஜின் கொட்டகையில் கள்ளத்தனமாகக் காய்ச்சினான். கொதிக்கும்போதே எல்லா ஹாப்ஸையும் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். கசப்புக்குக் கொஞ்சம் முதலில், மணத்துக்கு மிச்சம் அடுப்பை அணைத்த பிறகு என்று பக்குவமாகத்தான் போட்டான். வாசனை வரவில்லை. இரண்டாம் தடவை, புளித்துப் பொங்கி அடங்கிய பீரில் ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டி ஊறவும் வைத்தான். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை இரண்டு மடங்கு கொட்டினான். ஹாப்ஸ் வெயிலில் கெட்டுப்போகாமல் மீன் ஐஸ் பெட்டியில் வைத்துப் பிள்ளை மாதிரிக் காத்துங்கூட ஒன்றும் நடக்கவில்லை.

மாரி மட்டும் முதல் தடவையே, "சும்மா கும்முனு கீதுடா" என்று சொல்லியிருந்தான். ஓசியில் குடிப்பவன் வேறென்ன சொல்வான் என்று இளவழகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று வீம்பு தலைக்கேறிவிட்டது. பாக்கெட்டில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தான். கேஸ் சிலிண்டரைத் திறந்து வைத்தான். அண்டாவில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றிவிட்டு, தீப்பெட்டியை எடுத்தான்.

"யோவ்! பத்த வெக்காத!"

சண்டை போட்டாலும் நேரத்துக்குச் சோறு கொண்டுவந்துவிடும் சரண்யா வாசலில் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தீப்பெட்டியைப் பிடுங்கி ஏரிப் பக்கம் வீசி எறிந்தாள். சிலிண்டரை மூடி, அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அடுப்பு டியூபை எலி கடித்திருந்தது.

"இன்னாய்யா, செத்துப் பூட நெனச்சியா? அந்தாண்ட வரும்போதே கேஸு நாத்தம் கொடலப் பொரட்டுது!"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

சரண்யா அவனை ஒருமாதிரி பார்த்தாள். பக்கத்தில் மணலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியை ஒரு கை அள்ளி அவன் மூக்கில் வைத்து அழுத்தினாள். அவன் மூச்சை இழுத்தான். வெறும் காற்றுதான் வந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து கருவாட்டு நாற்றமே தெரியவில்லை. குப்பத்தில் பிறந்தவனுக்கு அதெல்லாம் பழகிப்போன ஒன்று என்று மாரியிடம் பெருமை வேறு அடித்திருந்தான். காய்ச்சலில் மூக்கு செத்துப்போயிருக்கிறது, அது கூடத் தெரியாமல் ஹாப்ஸைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான்!

வெளியே தனியாக எடுத்து வைத்திருந்த பாட்டில்களை அவளிடம் நீட்டினான். ஒவ்வொரு தடவை காய்ச்சியதிலும் ஒன்று. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே முதலாவதை மோந்து பார்த்தாள். சுளிப்பு போய்விட்டது.

"நார்த்தங்கா எல கசக்குனா மாதிரி கீது. அடியில கொஞ்சம் மாம்பழம். நல்லாத்தான்யா கீது." மூன்றாவதைத் தொட்டதும் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "அய்யே, இது இன்னா, மூக்க அறுக்குது!"

முதல் பீரே போதுமாக இருந்திருக்கிறது. அதில் பெரும்பாலானதை அவன் கையாலேயே ஏரியில் கொட்டிவிட்டான். இளவழகன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அப்போது பார்த்து ராஜேந்திரன் போன் செய்தார். அவருடைய உரத்த குரல் பக்கத்திலிருந்த சரண்யாவுக்கும் கேட்டது.

"என்னப்பா, வாசனை ஏறிச்சா?"

"ஏறிச்சு சார். நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா எப்படி? மோந்து பாத்து சொல்லு."

இளவழகன் முதல் பாட்டிலை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தான், வெறும் காற்றுதான். சரண்யா அதைப் பார்த்தாள். பீர் என்ற சொல்லைக் கேட்டாலே சண்டைக்கு வருகிறவள், அந்தப் பாட்டிலை வாங்கித் தன் மூக்கருகே வைத்துக்கொண்டு, அவனுடைய இன்னொரு காதில் மெல்லச் சொன்னாள்.

"நார்த்தங்கா எல."

"நார்த்தங்கா இலை சார்."

"அப்பறம் மாம்பழம். பழுத்தும் பழுக்காத மாம்பழம்."

"பழுத்தும் பழுக்காத மாம்பழம் சார்."

அந்தப் பக்கம் ராஜேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்! இந்த மூக்குக்காகத்தாண்டா உன்னைத் தேடிப் பிடிச்சேன். அங்க தினமும் பத்துத் தொட்டி, எது தேறும் எது கெட்டதுன்னு நீதான் மோந்து சொல்லணும். திங்கட்கிழமை வந்து சேந்துடு."

இளவழகன் போனை வைத்தான். சரண்யா பாட்டிலை மணலில் வைத்தாள். இரண்டு பேருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"திங்கக்கெழம," என்றாள் அவள், "அங்க உன் காதுல யாருய்யா சொல்லுவா?"