மத்தியான வினாத்தாள்

நுழைவுத்தேர்வு முடிவு வந்த அன்று சலவைக்கடைக்காரருக்கு வேலை ஓடவில்லை. மகள் நூற்று நாற்பது கேள்விகளுக்குச் சரியாக விடையெழுதியிருந்தாள். மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. அதே தேர்வு எழுதிய அண்ணன் மகனுக்கு நூற்றிருபத்தெட்டுதான் சரி, அவனுக்கோ தொண்ணூற்றேழு.

"குறைச்சலா எழுதினவனுக்குக் கூடவா? எங்கேயோ இடிக்குதே."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. இப்படி வாயில்லாப் பூச்சியா இருந்தா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க" என்று அவளை அடக்கிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அண்ணனின் டயர் கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பையன் கையெல்லாம் கிரீஸோடு சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான்.

"யாரைப் பிடிச்சுடா மார்க் வாங்கினே?"

"உள்ள வந்து பேசு, தம்பி" என்றார் அண்ணன்.

"உள்ள எதுக்கு? நாலு பேருக்குத் தெரியட்டும்."

பையன் முகம் செத்துப்போனது. சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீடு திரும்புவதற்குள் செய்தி மகள் காதுக்கு எட்டியிருந்தது.

"அப்பா, நான் எழுதினது காலையில. பெரியப்பா வீட்டு அண்ணன் மத்தியானம். ரெண்டும் வேற வேற கேள்வித்தாள், அவனோடது ரொம்பக் கஷ்டம். எத்தனை சரின்னு மட்டும் பார்த்து மார்க் போடறதில்ல. அதே தாளை எழுதினவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேரை முந்தினோம்னு பார்ப்பாங்க. நான் தொண்ணூத்து நாலு பேரை முந்தினேன், அவன் தொண்ணூத்தேழு பேரை. அவ்வளவுதான்."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. வருஷம் முழுக்க அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனே அந்தப் பையன்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மறுநாள் அண்ணன் கடையில் ஆள் சேரும்வரை எதிர்ப்புறம் நின்றிருந்தார். திட்டியது நாலு பேர் முன்னால். தனியாகப் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்தால் அது மன்னிப்பாகாது. தெருவைக் கடந்து போனார்.

"நேத்து நான் பேசினது தப்பு. கணக்குப் புரியாம வாயை விட்டுட்டேன். பையன் நியாயமா வாங்கின மார்க் அது."

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. "என்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட சொல்லு."

சொன்னார். பையன் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவாயில்லைங்க."

பேச்சு வந்த நாளிலிருந்து வாய் நிறையச் சித்தப்பா என்று கூப்பிட்டவன். கடைக்கு வந்துபோகும் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

அண்ணன் ஸ்டூலைத் தள்ளிப்போட்டு, "உட்காரு, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அவர் உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.