ஆறாவது ஸ்டூல்

காலை ஒன்பது மணியிலிருந்து வெர்னெல் நின்றுகொண்டிருந்தாள். ஷூ நாடாவை எவ்வளவு தளர்த்தியும் வலது கணுக்கால் பிதுங்கி வழிந்தது. எதிரே, அருங்காட்சியகத்துக்காக அறுபதுகளின் சாப்பாட்டுக் கடையைப் போலவே செய்துவைத்த நீளக் கவுண்டர். அதன் முன் சிவப்பு மெத்தை வைத்த ஆறு ஸ்டூல்கள். பள்ளிப் பிள்ளைகள் அதில் உட்காரலாம். நன்கொடையாளர்கள் உட்காரலாம். பாடம் நடத்தும் ஊழியர்கள் உட்காரக் கூடாது. பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரியுமாம்.

மணிக்குப் பத்து நிமிஷம் உட்கார வேண்டுமென்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. அருங்காட்சியகத்தின் ‘மனித மாண்புக் குழு’ அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அதற்குள் சுவரில் சாய்ந்த குற்றத்துக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலை போகும். கூடவே மருத்துவக் காப்பீடும். அடுத்த மாதம் காலில் ஆபரேஷன்.

“பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. இன்னிக்கு செவுத்துக்கு முட்டு குடுக்காத தாயி,” என்றான் காவலாளி ரூஃபஸ்.

“நான் முட்டு குடுக்கலேன்னா இந்தக் கட்டடமே நிக்காது.”

இயக்குநர் கார்லைல் அம்மையார் பத்துப் பன்னிரண்டு நன்கொடையாளர்களோடு ஓரமாக வந்து நின்றார். அலபாமா மாநிலத்தின் மனசாட்சி இங்கேதான் குடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெர்னெல் ஐந்து பிள்ளைகளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

“இங்க வெள்ளைக்காரங்க மட்டுந்தான் உக்காரலாம்னு இருந்துச்சு. நம்ம கறுப்பின காலேஜ் பிள்ளைங்க வந்து உக்காந்தாங்க. எந்திரின்னாங்க, எந்திரிக்கல. ரெண்டு கையையும் கவுண்டர் மேல வைங்க. நேரா பாருங்க. யாரு சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது.”

“அடிச்சாலுமா மிஸ்?”

“அடிச்சாலும்.”

“எங்கம்மா வந்து கூப்ட்டா?”

“அது வேற சட்டம்டா.”

பிள்ளைகள் சிரித்தார்கள். வெர்னெலுக்குக் கண் இருட்டியது. கை தேடியது ஆறாவது ஸ்டூலை. உட்கார்ந்துவிட்டாள்.

கார்லைல் புன்னகை கலையாமல் அருகில் வந்தார். “எந்திரிங்க வெர்னெல்.”

அவளால் முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறுமி, பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, பார்வையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள்: “எந்திரிக்காதீங்க மிஸ்.”

“சொல்றேன்ல, எந்திரிங்க.”

பத்துக் கைகள் கவுண்டரில் அழுந்தின. பின்னால் நின்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு நன்கொடையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் கைதட்டினார்; எல்லோரும் தட்டினார்கள். ஒரு கணம் விழித்த கார்லைல், பிறகு தலைதாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

“பிரமாதம். இனிமே எல்லா வகுப்புக்கும் இது உண்டு. நீங்க உக்காருவீங்க, நான் எந்திரின்னு சொல்வேன். ஒரு நிமிஷம் இருக்கலாம். ரெண்டாம் தடவ சொன்னதும் எந்திரிச்சிரணும். அடுத்த வகுப்பு காத்திருக்கும்.”

“என் டாக்டர் சீட்டு?”

“அது குழுகிட்ட இருக்கு.” மேசையில் ஒரு தாளை நகர்த்திவைத்தார். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம். “காலைல நீங்க உக்காந்தது அனுமதியில்லாம. தேதி போடல. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, எங்கிட்டயே இருக்கட்டும்.”

வெர்னெல் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணிக்கு வேறு பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கை எங்கே, பார்வை எங்கே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஆறாவது ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீங்கிய காலுக்குள் ரத்தம் இறங்கி ஓடுவது தெரிந்தது.

“எந்திரிங்க,” என்றார் கார்லைல். காலையைவிடக் குரல் நன்றாக வந்தது.

பக்கத்திலிருந்த பையன் தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினான். “எந்திரிக்காதீங்க மிஸ். நீங்கதான சொன்னீங்க.”

“எந்திரிங்க.”

வெர்னெல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

பையன் அவளைப் பார்த்தான். கவுண்டர்மேல் தனியாகக் கிடந்த தன் கையைப் பார்த்தான். அதை எடுத்துக்கொண்டு, அவனும் எழுந்தான். அவனுக்கு அடுத்தவளும் எழுந்தாள்.